மே மாதப் பூவும் அக்டோபர் தேதியும்

பெயர் ஓடீல் தொனார். வயது ஐம்பத்தொன்பது. தொழில், துப்பாக்கிகளில் சித்திரம் செதுக்குவது. இருப்பிடம் லியேஜ் அருகே ஹெர்ஸ்தால், ஆற்றங்கரைச் சாலை. மாடியில் வீடு, கீழே பட்டறை, உடன் வசிப்பவன் தம்பி செர்வே.

நேற்று முதல் தங்கள் காவலில் இருப்பவன் அந்தச் செர்வேதான். கிஸ்லேன் வாத்தலே தன் மனைவியைச் சுட்டுக் கொன்றதற்கு அவன் உடந்தை என்று சொல்கிறீர்கள். அவன் முட்டாள், உடந்தை அல்ல. இதை நான் சொன்னபடியே எழுதும்படி அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன்.

கோடை முடியும் சமயம் வாத்தலே தன் பாட்டனாரின் ரிவால்வரை அலமாரியில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று ஒரு துண்டில் சுற்றி எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். குழல் துருவேறி, ஸ்பிரிங் ஒடிந்து, பிடியில் பாதி உதிர்ந்திருந்தது. அவர் மனைவி லாம்பெர்தினுக்குக் கைகால் விளங்காமல் போய் வெகுகாலம் ஆகிறது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூக்கிக் கிடத்துவது எல்லாம் அவர்தான் என்று தெருவுக்கே தெரியும். பழைய பொருளைத் தொட்டுத் துடைத்தால் மனிதருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று எண்ணி வேலையை ஏற்றோம்.

அதன் பிறகு செர்வே துருவை எடுத்து, புது ஸ்பிரிங் அடித்துப் பொருத்தி, சுட்டும் பார்த்தான். காட்சிக்கு வைக்கிற பொருளை ஏன் சுடும்படி செய்தான் என்று நேற்று அவனைக் கேட்டீர்களாம். துப்பாக்கி செய்தே பிழைக்கிற எங்கள் ஊரில் சுடாத துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கிறவனை யாரும் மதிக்க மாட்டார்கள். அதற்கு மேல் அவனுக்கு எந்த எண்ணமும் கிடையாது.

அதன் பிறகு செதுக்கு வேலைக்காக ரிவால்வர் என்னிடம் வந்தது. இருவர் பெயரின் முதலெழுத்துகள், சுற்றிலும் முகே என்கிற வெள்ளை மணிப்பூ, கீழே இந்த ஆண்டு அக்டோபர் பதினொன்று, இவ்வளவுதான் அவர் கேட்டது. கல்யாணத்துக்காகச் செதுக்கும்போது கல்யாணம் நடந்த மாதத்தின் பூவைத்தான் போடுவோம். முகே மே மாதப் பூ.

"என்ன வாத்தலே, பூ மே மாசம், தேதி அக்டோபர்? கல்யாணம் பண்ணதே மறந்துபோச்சா?" என்று கேலி செய்தேன்.

"அவளுக்குப் புடிச்ச பூம்மா. அந்தத் தேதிய மட்டும் நல்லா ஆழமா வெட்டு" என்றார்.

ஐம்பதாம் கல்யாண நாளாக இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு ஆழமாகவே வெட்டினேன். பூ பொருந்தவில்லை என்று கண் சொன்னது, புத்திக்கு ஏறவில்லை.

நேற்று காலை, அந்தத் தேதி வந்துவிட்டதே, ஒரு வாழ்த்துச் சொல்வோம் என்று அவர்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். வாத்தலே தொலைபேசியைப் பிடித்துக்கொள்ள லாம்பெர்தின் பேசினாள்.

"கல்யாண நாளா? அடிப்பாவி, எங்க கல்யாணம் மே மாசம்டி! கை நெறைய முகே வெச்சிக்கிட்டு நின்னேனே, நீ சின்னப் பொண்ணு, உனக்கெங்க ஞாபகம் இருக்கும். இன்னிக்கு என்னை முதியோர் ஹோம்ல சேக்குற நாள். உங்க வாத்தலே காலைலயே கல்யாண சூட்டை மாட்டிக்கிட்டாரு. எனக்குத் தலை சீவி, கோட்டெல்லாம் போட்டுவிட்டாரு. ஹோமுக்குப் போறவளுக்கு என்ன அலங்காரம்னு சிரிச்சிக்கிட்டிருக்கேன்."

அப்படியானால் நான் துப்பாக்கியில் வெட்டியது கல்யாணத் தேதி அல்ல. லாம்பெர்தின், அவரிடம் பேசு, விடாமல் பேசிக்கொண்டே இரு என்று கத்தினேன். அதற்குள் தொடர்பு அறுந்தது. அதன் பிறகு செர்வேயை இழுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன், போகும்போதே தங்களுக்கும் தகவல் சொன்னேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசல் திறந்து கிடந்தது. லாம்பெர்தின் சக்கர நாற்காலியில் கோட்டுப் பொத்தான் எல்லாம் போட்டபடி, மடியில் கைப்பையோடு இறந்திருந்தாள். வாத்தலே அவள் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். ரிவால்வர் மேசை மேல் இருந்தது.

"செர்வே, உன் வேலை பாதியிலேயே நின்னுபோச்சுப்பா. அவளுக்கு வெடிச்சுது, எனக்கு வெடிக்கல" என்றார்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். பிணத்தைப் பார்த்து அலறாமல், அந்த மனிதரின் தோளைப் பிடிக்காமல், என் தம்பி நேரே போய் ரிவால்வரைக் கையில் எடுத்தான். உருளையைத் திருப்பி, வெடிக்காத தோட்டாவைத் தள்ளி எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் அதன் அடிப்பாகத்தைப் பார்த்தான்.

"ஊசி நல்லாத்தான் அடிச்சிருக்கு. தோட்டா பழசு. என் வேலைல குறை இல்ல" என்றான்.

பக்கத்து வீட்டுக்காரி ஃபெர்னாண்ட் ஜமூல் வாசலில் வந்து நின்று கேட்டது அதைத்தான். அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பின் நான் அவன் கன்னத்தில் அறைந்ததையும், அவன் கையிலிருப்பது என்னவென்று அப்போதுதான் பார்த்தவன்போல அதைக் கீழே போட்டதையும், சுவரோரம் போய் வாந்தியெடுத்ததையும் அவள் சொன்னாளா? அவன் விரல் ரேகை அந்தத் தோட்டாவில் இருப்பதற்குக் காரணம் இதுதான், வேறு இல்லை.

அந்தத் தேதியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் செய்தது ஸ்பிரிங். பூ பொருந்தாததைப் பார்த்தவளும் தேதியை வெட்டியவளும் நான். நகராட்சிக்காரர் இன்று லாம்பெர்தினின் இறப்புச் சான்றில் எழுதிய தேதியை, ஒரு மாதம் முன்பே நான் இரும்பில் எழுதிவிட்டேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னதும் இதில் உள்ளதும் ஒன்றே, என்னை யாரும் மிரட்டவில்லை. கையெழுத்து என்னுடையதுதானா என்று சந்தேகம் வந்தால், அந்த ரிவால்வரின் விசையைச் சுற்றியுள்ள வளையத்தின் உட்புறத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அங்கேயும் இதே கையெழுத்துதான் இருக்கிறது.

(ஒப்பம்) ஓ. தொனார்