மைக்ரோவேவ் வைத்த உயரம்

மைக்ரோவேவ் அடுப்புக்கு வேண்டியது மூன்றே மூன்று: பக்கத்தில் ஒரு பிளக், முதுகுப் பக்கம் நாலு விரல் காற்று, அடியில் ஆடாத பலகை. இது புரிந்துவிட்டால் இடம் பார்ப்பது பெரிய வித்தை இல்லை.

டாக்டர், நீங்கள் கொடுத்த தாளில் 'வீட்டில் அண்மையில் ஏதாவது மாற்றம் உண்டா?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு ஒரே ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள். ஒரு கோட்டில் இது அடங்காது. அதனால் தாளைத் திருப்பிப் போட்டு எழுதுகிறேன். என் மனைவி எக்ஸ்ரே எடுக்கப் போயிருக்கிறாள். அவளுக்கு முன்னால் ஒன்பது பேர் நிற்கிறார்கள். நிதானமாகவே எழுதலாம்.

நான் சாரம் கட்டுகிறவன். கட்டடம் எழும்பும்போது அதன் வெளிப்பக்கம் கம்பும் கயிறும் பலகையுமாக நிற்குமே, அதைக் கட்டுகிற ஆள். கொத்தனாருக்குக் கை எட்டவில்லை என்றால் 'சாரம்!' என்று ஒரு குரல் வரும். நான் ஏறுவேன். பிறகு அவருக்கு எட்டும். வேலையிடத்தில் பாதிப் பேருக்கு என் பெயரே தெரியாது. சாரம் என்றால் நான். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது கூப்பிடுவார்கள். நாற்பது வருஷம் அப்படி ஓடியது. போன வருஷம் முழங்கால் இரண்டும் கையை விரித்துவிட்டன. வீட்டில் உட்கார்ந்தேன்.

வீட்டில் எனக்கு ஒரு வேலை இருந்தது. என் மனைவி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். காலையில் போனால் மூன்று மணிக்குத்தான் வருவாள். செருப்பைக் கழற்றும்போதே, "ஏங்க, சூடு பண்ணிட்டீங்களா?" என்பாள். பண்ணியிருப்பேன். இரண்டே முக்காலுக்கே அடுப்பைப் பற்றவைத்துவிடுவேன். சாப்பிட்டுக்கொண்டே அன்றைக்கு யார் சட்டைப் பையில் என்ன இருந்தது என்று கதை சொல்வாள். நான் உம் கொட்டுவேன். சின்ன வேலைதான். ஆனாலும் கேட்டு வாங்குகிற வேலை.

அப்போதுதான் எங்கள் மகள் மைக்ரோவேவ் அனுப்பினாள். போனிலும் சொன்னாள்: "அம்மா, இனிமே அப்பாவை எதிர்பார்த்துக்கிட்டு நிக்க வேணாம். உள்ள வை, பட்டனைத் தட்டு, ரெண்டு நிமிஷம்." நல்ல பிள்ளை. மனசில் எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை.

எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. காய் நறுக்கும் மேடையில், அடுப்புக்குப் பக்கத்தில் என்றாள் மனைவி. ஆவி அடிக்கும் என்றேன். தொட்டிப் பக்கம் என்றாள். தண்ணீர் தெறிக்கும் என்றேன். ஃபிரிட்ஜ் தலையில் என்றாள். அது நடுங்குகிற பெட்டி, இது சுற்றுகிற பெட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஆகாது என்றேன். சாப்பாட்டு மேசை என்றாள். பேரன் தவழ்கிற வயசு, வயரைப் பிடித்து இழுத்துவிடுவான் என்றேன்.

"பேரன் இருக்கிறது பிளேன்ல போற தூரத்துல."

"ஒருநாள் வருவான்ல?"

நான் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் உண்மை. நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் சுவரில் இரும்புத் தாங்கி இரண்டு அடித்து, தடித்த பலகை போட்டு, மட்டம் பார்த்து, பெட்டியை ஏற்றினேன். பெட்டிக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் விட்டேன். மூன்று மணிக்கு வந்தவள் அண்ணாந்து பார்த்தாள்.

"என்னங்க இது, மைக்ரோவேவா, கலங்கரை விளக்கமா?"

"மேல இருந்தாத்தான் காத்தோட்டம்."

"காத்து சரி. நான் எப்படி அங்க போறது?"

"நான் எதுக்கு இருக்கேன்? ஒரு குரல் குடு."

நான் விரும்பியது இவ்வளவுதான், டாக்டர். அவள் என் நெஞ்சளவு. கையைத் தூக்கினால் பலகையின் அடியைத் தொடுவாள், அதற்கு மேல் போகாது. அவள் ஒரு குரல் கொடுப்பாள், நான் எழுந்து போவேன். ஏற்பாடு பழையதுதான், பெட்டி மட்டும் புதுசு.

அவள் குரல் கொடுக்கவில்லை. பால்கனியில் செடித்தொட்டி வைத்திருந்த முக்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். அதில் ஏறி நின்றால் கிண்ணம் மட்டாக உள்ளே போனது. முன்னறையில் உட்கார்ந்திருந்த எனக்கு 'டிங்' என்ற சத்தம் மட்டும் கேட்டது. தட்டோடு போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மகளிடம் போனில் சட்டைப் பைக் கதையைச் சொன்னாள்.

நாலு கால் ஸ்டூலாக இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நாலில் ஒரு கால் கொஞ்சம் குறைந்தாலும் ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். முக்காலி எப்படி அறுத்தாலும் ஆடாது, யாரையும் காட்டிக்கொடுக்காது. அது ஒரு முழ உயரம், இருபத்துநாலு விரல். செவ்வாய்க்கிழமை தோறும் அரை விரல் அறுத்தேன். கால் நுனியில் ரப்பர் குமிழ் உண்டு. அதைக் கழற்றி, அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, குமிழைத் திரும்ப மாட்டிவிடுவேன். மரத்தூள் செடித்தொட்டிக்குள் போய்விடும். மூன்று காலையும் மட்டம் வைத்துத்தான் அறுத்தேன். என்னை நம்பி ஏறியவர்களில் இதுவரை ஒருத்தரும் விழுந்ததில்லை. வீட்டு ஆளை விழவிடுவேனா?

மூன்றாம் வாரம் நுனிக்காலில் நின்றாள். நாலாம் வாரம் சமையலறையிலிருந்து "ஏங்க" என்று சத்தம் வந்தது. எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

"ஏங்க, நான் குட்டையாயிட்டேனா?"

"வயசாகுதுல்ல" என்றேன். அதில் பொய் எங்கே இருக்கிறது?

சலவைக்கூடத்தில் கூட வேலை செய்கிறவள் இன்னும் கொஞ்சம் தூபம் போட்டாள். "எலும்பு தேயுதுக்கா. எங்க மாமியாரு தேஞ்சு தேஞ்சு கடைசியில கைப்பையில வச்சு எடுத்துட்டுப் போற மாதிரி ஆயிட்டாங்க." அன்றைக்கே என் மனைவி கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று, தலைக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். வாரா வாரம் அளந்து பார்க்கப் போகிறாளாம்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தயங்கினேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவள் தலை கோட்டிலேயே நின்றால் அடுத்த சந்தேகம் முக்காலி மேல்தான் வரும். அதனால் கோட்டை அழித்து, முக்காலி அதுவரை எவ்வளவு இறங்கியிருந்ததோ அவ்வளவு ஏற்றி, அதே பென்சிலால் போட்டேன். அவள் கோடு இழுத்தால் வலது முனை லேசாகத் தொங்கும். அந்தத் தொங்கலையும் விடவில்லை. அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு வேலை.

கம்பியில் தொங்கினால் உடம்பு நீளும் என்று மகள் சொன்னாள். கம்பி நான்தான் கட்டிக்கொடுத்தேன். இரண்டு யானை தொங்கலாம். வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், கொடியில் போட்ட புடவை மாதிரி அசையாமல் தொங்குவாள். நான் கீழே நின்று அறுபது வரை எண்ணுவேன். மூன்று நாள் எண்ணினேன். நாலாம் நாள் போனில் மணி வைத்துக்கொண்டாள்.

ஏழாவது வாரம் முக்காலியைப் பால்கனிக்கே கொண்டுபோய் வைத்துவிட்டாள். பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டாள். அடுப்பைப் பற்றவைத்து நான் சூடு பண்ணியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கூப்பிடாத இடத்தில் போய்ச் சாரம் கட்டி எனக்குப் பழக்கமில்லை.

ஒரு திங்கட்கிழமை அவள் மகளோடு பேசியது காதில் விழுந்தது. அப்பாவைக் கூப்பிட வேண்டியதுதானே என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பாள் போல.

"நாப்பது வருஷம் கண்டவன் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஏறி இறங்கின மனுஷன்டி. இப்பத்தான் கால நீட்டி உட்கார்ந்திருக்காரு. ஒரு வாய்ச் சோத்துக்காக அவரை எழுப்பணுமா? ஆறினா ஆறிட்டுப் போகுது."

கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டேன். என்னை நினைத்துத்தான் அவள் கூப்பிடாமல் இருந்திருக்கிறாள். மனசு நிறைந்துவிட்டது. கண்கூடக் கொஞ்சம் கலங்கியது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ரம்பத்தை எடுத்தேன்.

இன்றைக்கு நீங்கள் அளந்து பார்த்துவிட்டு, மகள் பிறந்தபோது கொடுத்த பழைய அட்டையில் இருந்த அளவோடு ஒப்பிட்டீர்கள். "ஒரு நூல்கூடக் குறையலையேம்மா" என்றீர்கள். "கதவுல கோடு இருக்கு டாக்டர், நாலு விரல் இறங்கிட்டேன்" என்று அவள் அடம்பிடித்தாள். மனத் திருப்திக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, எலும்புக்கு ஒரு மாத்திரையும் எழுதிக்கொடுத்தீர்கள். பேசிக்கொண்டிருந்தது அவள், நீங்கள் பார்த்தது என்னை. பிறகு இந்தத் தாளை அவளிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினீர்கள். உங்களுக்குத் தொழில் தெரிகிறது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: ஆம், மாற்றம் உண்டு. முக்காலி நாலு விரல் இறங்கியிருக்கிறது, கோடு நாலு விரல் ஏறியிருக்கிறது. இரண்டையும் செய்தவன் நான். மாத்திரையை நிறுத்த வேண்டாம், எலும்புக்கு நல்லதுதானே. தொங்குவதும் இருக்கட்டும், அவள் தோள்வலி குறைந்திருக்கிறது.

இப்போதுதான் படத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். சீட்டைக் கொடுக்கிற ஜன்னல் இங்கே உயரம். நுனிக்காலில் எக்கிக் கொடுத்தாள். நான் மூன்றடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னங்க, பக்கம் பக்கமா எழுதறீங்க?"

"உன் உயரத்தைப் பத்தித்தான்."

"அப்படியே மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னும் கேட்டு எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டு, என் முழங்காலில் இடிக்காமல் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

பெட்டியைக் கீழே இறக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பீர்கள். நாலு திருகாணி, பத்து நிமிஷ வேலை. அவள் ஒரு வார்த்தை கேட்டால் இன்றைக்கே இறக்கிவிடுவேன். கேட்காமல் நானாக இறக்கினால் அவள் விருப்பத்தை மதிக்காத மாதிரி ஆகிவிடும். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, டாக்டர். கேட்பாள். முக்காலியில் இன்னும் இருபது விரல் இருக்கிறது.