வேகம் சேராத நாடா

சாயங்காலம் அஞ்சரை மணி. நம்ம தீவுலதான் தெரியுமே... அதுக்குள்ள இருட்டிடும். புரோத்ராபூர் ரோட்ல ஒத்த சைக்கிள். ரெண்டு பக்கமும் வயல். தவளைச் சத்தம். ஓட்டிட்டுப் போறது என் மாமனாரோட சிநேகிதர் அய்யூப் பாய். போர்ட் பிளேர்ல ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவர். கேரியர்ல ஒரு டேப் ரெக்கார்டர், மழைக்குச் சாக்கு சுத்தி.

போனது ஜைனபுங்கற பொண்ணு வீட்டுக்கு. புருஷன் ஜமீல், கட்சால் தீவுல ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்துல கடை. அவன் காய்ச்சல்ல போயிட்டான், அங்கயே அடக்கம் பண்ணியாச்சுன்னு சேதி கொண்டு வந்தவன் மீரான். ஜமீலோட சித்தப்பா மகன், கடையில கூட்டாளி. அப்புறம் ஜமீலோட பெட்டி கப்பல்ல வந்துச்சு. அக்கம்பக்கத்து ஆளுங்க அனுப்பினது. துணிக்கு நடுவுல ஒரு நாடாச் சுருள்... எழுத்து தெரியாத பெண்டாட்டிக்கு அவன் பேசி வச்சது.

அய்யூப் பாய் கடையில போட்டுப் பார்த்தார். கீச்சு கீச்சுன்னு குருவிக் கத்தல். மெதுவான வேகத்துல பதிஞ்ச நாடா அது. அந்த வேகம் இவர் மெஷின்ல கிடையாது. மனுஷன் விடல. நாடாவ இழுக்கிற அச்சக் கழட்டி, லேத்துல பாதி கனத்துக்கு இழைச்சு மாட்டினார். ஜைனபு இத்தாவுல இருக்கா, புருஷன் மவுத்தானா நாலு மாசம் பத்து நாள் வெளிய வர முடியாது. அதான் மெஷின் அவ வீட்டுக்குப் போச்சு.

திரைக்கு அந்தப் பக்கம் ஜைனபு. வாசப்படியில மீரான்.

"கெட்டுப்போன நாடா பாய். மைனி மனசு நோகும். வேணாம்."

இத்தா முடிஞ்சதும் அண்ணன் பெண்டாட்டிய நானே கட்டிக்கறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவன்.

"நீங்க போடுங்க பாய்"ன்னா ஜைனபு.

போட்டார். முதல்ல கடல் இரைச்சல். அப்புறம்... புளிச்ச ரப்பர் பால் வாடை. அந்த வீட்டுல ஏது ரப்பர்?

"ஜைனபு... சுகமா இருக்கேன். காய்ச்சல், தலைவலி ஒண்ணும் இல்ல. மீரான் வந்திருக்கான். அடுப்படியில சாயா போடுறான்..."

ஒரு மடக்குச் சத்தம். இருமல். கிளாஸ் உருண்டு... விழுந்துச்சு.

"பந்த் கரோ பாய், நிறுத்துங்க!" மீரான் கத்தினான். "சாயால நான் ஒண்ணும் கலக்கல!"

திரை அசையல. உள்ள இருந்து ஜைனபு குரல் மட்டும்.

"கலந்ததா யாரு சொன்னா, மீரான் தம்பி?"

அதுக்குள்ள நாடாவே பேசுச்சு. மெதுவா.

"செருப்ப மாட்டுறான் பாரு, ஜைனபு."

அய்யூப் பாய் திரும்பினார். மீரானோட ஒரு கால் செருப்புல... இன்னொண்ணு வெறுங்கால். அப்படியே இருட்டுல ஓடினான். மறுநாள் மெயின்லேண்ட் கப்பல் ஏறப் போனவன கப்பல் துறையில பிடிச்சாங்க. எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான்.

அது கிடக்கட்டும். அவன் ஓடின அந்த நிமிஷத்துக்கு வாங்க.

மெஷின நிறுத்த அய்யூப் பாய் கைய நீட்டினார். சட்... சட்... சட்... நாடா எப்பவோ ஓடி முடிஞ்சு, வால்தான் அடிச்சுக்கிட்டிருந்துச்சு. இந்தப் பக்கச் சக்கரம் காலி.

அந்தச் சத்தத்துக்கு நடுவுல, பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி...

"அய்யூப் பாய்... அவளத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க."

ஜமீல் அவர ஒரு தடவகூடப் பார்த்தது கிடையாது.