ஓப்பன் பானா, ரிங் பானா

இல்ல சார், அந்த பட்டனயே குத்திகினு இருந்தீங்கன்னா பட்டன் தான் உள்ள போவும், லிப்ட் கீழ போவாது. கதவ உதைக்கறதும் வேஸ்ட்டு. அதுக்கு அந்தாண்ட வெறும் செவுரு. ஆறாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நிக்கறோம், அவ்ளோ தான் விஷயம். பயப்பட ஒண்ணியும் இல்ல. காத்து வருது, லைட்டு எரியுது, நான் இருக்கறேன்.

அலாரமா? தாராளமா அடிங்க. ஆங், கேட்டுச்சா? கீழ செக்யூரிட்டி லட்சுமம்மா எழுந்துட்டாங்க. இப்போ அவங்க லிப்ட் மெக்கானிக்குக்கு போன் போடுவாங்க. அது நான் தான் சார். இந்த பில்டிங்குக்கு நான் ஒருத்தன் தான் மெக்கானிக். உள்ள வந்தா யாரு போனுக்கும் சிக்னல் இருக்காது. நாட் ரீச்சபிள்னு வரும். ஒடனே என்ன திட்டுவாங்க. தோ கேளுங்க, எல்லி சத்தனோன்னு கத்தறாங்க பாருங்க. எங்க செத்தானோன்னு அர்த்தம். இங்க தாம்மா, உங்க தலைக்கு மேல தான் செத்துகினு இருக்கேன்.

தெரியும் சார், உங்களுக்கு அவசரம். ஏறனதுலேர்ந்து அதையே தான் சொல்றீங்க. பையன் ரிஜிஸ்டர் ஆபீசுல நிக்கறாரு, கையெழுத்து போடறதுக்குள்ள போயி நிறுத்தணும். ஸ்ரீஹர்ஷா தம்பி தானே? நல்ல புள்ள சார். லிப்ட்ல பாத்தா ரெண்டு வார்த்த பேசாம எறங்க மாட்டாரு. பொண்ணு யாரு? அந்த பேர வாயில வெக்க மாட்டீங்களா? சரி விடுங்க. பொண்ணோட அப்பா இன்னா பண்றாருன்னாவது விசாரிச்சீங்களா? அதுவும் இல்லியா. கேட்டிருக்கலாம் சார். சும்மா ஒரு வார்த்த தானே. சரி சரி, மொறைக்காதீங்க, நான் ஒண்ணும் சொல்லல.

டூல்ஸா? அது மேல மொட்டமாடி மெஷின் ரூம்ல மாட்டிக்கிச்சு. ஸ்டூல் இருக்குது, உக்காருங்க. தண்ணி பாட்டல் இருக்குது, கடல உருண்ட இருக்குது. ஸ்டூலோட லிப்ட்ல எதுக்கு வந்தன்னா? மெக்கானிக் சார், எங்க வேணா உக்காந்து வேல செய்யணும். ஆனா டூல்ஸ் இல்லாம நீ இன்னாடா மெக்கானிக்குன்னு கேட்டீங்க பாருங்க, அந்த வார்த்த நேரா போயி நெஞ்சுல குத்திடுச்சு. ஏன்னா இதே கேள்விய எனக்கு தொழில் கத்துக் குடுத்த உஸ்தாத் என்ன கேட்டிருக்காரு. யூசுஃப் பாய். நீலசந்திராவுல கார் கேரேஜ். லிப்ட் லைனுக்கு வர்றதுக்கு மின்ன அங்க தான் வேல.

அப்போ நான் கேஜிஎஃப்லேர்ந்து வந்த புதுசு. எங்கப்பா மைன்ஸ்ல எறங்கனவரு, மைன்ஸ மூடப் போறாங்கன்னு பேச்சு வந்ததும் நீயாவது மேல இருக்கற வேலையா பாருடான்னு பெங்களூருக்கு அனுப்பிட்டாரு. இங்க வந்தா காருக்கு அடியில படுக்கறது தான் வேல. எல்லாம் உஸ்தாதோட பானா தான். பானான்னா ஸ்பேனர் சார். இங்க கேரேஜ்ல பாய்ங்க அப்டி தான் சொல்லுவாங்க, நாங்களும் அதயே புடிச்சிகினோம். ஒரு நாளு அவரு பானாவ போட்டு ஒரு நட்ட மழுக்கிட்டேன். மனுசன் கோவத்துல, கல் சே அப்னா பானா லா-ன்னுட்டாரு. நாளையிலேர்ந்து ஒன் சொந்த பானா எடுத்துகினு வா, இல்லன்னா வராத.

இருங்க சார், கத விட்டு நேரத்த ஓட்டறேன்னு நெனைக்காதீங்க. ஓட்டறதுக்கு இன்னா இருக்குது, அது தானா ஓடுது.

எனக்கு அப்போ தான் கண்ணாலம் ஆயிருக்குது. ரஞ்சிதம். குடியாத்தம் பக்கம் பொண்ணு, பெங்களூரு வந்து பத்து நாளு கூட ஆவல. மொய்ல வந்தத முடிஞ்சு வெச்சிருந்தா. நான் கேரேஜ்ல ஒரு மாருதியோட அடிவயித்த கழட்டி போட்டிருக்கேன், அதனால நகர முடியாது. காலையில கெளம்பறப்போ சொல்லிட்டு போனேன். ரஞ்சிதம், பானா செட்டு வாங்கினு மத்தியானத்துக்குள்ள கேரேஜுக்கு வந்துடு, வேலையே அத நம்பி தான் இருக்குது. அவ எத்தினின்னு கேட்டா. சின்னதுலேர்ந்து பெருசு வரைக்கும் வரிசையா செட்டா இருக்கணும்னேன். எப்டி பாத்து வாங்கறதுன்னு கேட்டா. தட்டிப் பாரு, கணீர்னு சத்தம் வந்தா நல்லது, ஊமையா சத்தம் வந்தா வாங்காத, வெடிச்சிடும்னேன். ஓப்பனும் வேணும் ரிங்கும் வேணும்னேன். ஸ்பேனர்ல ஒண்ணு வாய் தெறந்து இருக்கும், ஒண்ணு ரிங்கு மாதிரி இருக்கும் இல்லியா, அது. அவ கொஞ்சம் யோசிச்சிட்டு, மூடி வேணுமான்னு கேட்டா. நான் பொட்டிய கேக்கறான்னு நெனச்சிகினு, மூடியோட கெடச்சா ரொம்ப நல்லதுன்னுட்டு போய்ட்டேன்.

சிரிக்கறீங்க! சிரிச்சிட்டீங்க சார். இந்த மூஞ்சிய வெச்சிகினு தான் காலையிலேர்ந்து அப்டி உர்ருன்னு இருந்தீங்களா? ஆமா சார். பான. மண்பான. எட்டு பான வாங்கினு வந்துட்டா. சுண்டக்காய் கொழம்பு வெக்கற சைஸ்லேர்ந்து ஊருக்கே பொங்கல் வெக்கற சைஸ் வரைக்கும், வரிசையா, ஒவ்வொண்ணும் தட்டிப் பாத்து. ஒவ்வொண்ணுக்கும் மூடி. ரிங்கு கேட்டேன் இல்லியா? அதுக்கு எட்டு பிரிமண! வைக்கோல்ல அவளே முறுக்கி எடுத்தாந்திருக்கா. பான ஓப்பன், பிரிமண ரிங்கு. நான் கேட்டதுல ஒண்ணு கூட விட்டுப் போவல. இதுல யாரு மேல சார் தப்பு சொல்றது?

இன்னும் கேளுங்க. ஆட்டோவுல வந்து எறங்கறா. கண்ணால சேல. ஊருக்கு புதுசு, யாரயும் தெரியாது. கேரேஜ் வாசல்ல பானைய வரிசையா எறக்கி வெக்கறா. உள்ள பாக்கறா, மாருதிக்கு அடியில ரெண்டு கால் மட்டும் வெளிய நீட்டிகினு இருக்குது. என் காலு தான். பேரு சொல்லி கூப்புட வெக்கம், புதுப் பொண்ணு இல்லியா. கால்மாட்டுல போயி பேசாம நின்னுக்கினா. ஆட்டோவுல வந்த பொகையில கண்ணு வேற செவந்து தண்ணி வழியுது.

தெருவுல போறவன் இன்னா சார் பாப்பான்? அசையாத ரெண்டு காலு. பக்கத்துல அழுத கண்ணோட புதுப் பொண்ணு. வாசல்ல மண்பான. ஒரே நிமிஷம் சார், நீலசந்திராவே வந்துடுச்சு. டீக்கட சுனில் ஸ்டவ்வ அணைச்சிட்டு ஓடி வர்றான். யூசுஃப் பாய் நமாஸ் முடிச்சிட்டு வந்தவரு கூட்டத்த பாத்து யா அல்லான்னு தலையில கைய வெச்சிகினு, மரியாதைக்கு ஷட்டர பாதி எறக்கிட்டாரு. பூக்காரம்மா ஒருத்தி மால போட்டுட்டா சார், என் கால் மேல. எதுத்த வூட்டு கெழவிங்க நாலு பேரு ரஞ்சிதத்த கட்டி புடிச்சிகினு ஒப்பாரி. அவளுக்கு இன்னா ஏதுன்னே தெரியல, எல்லாரும் அழறாங்களேன்னு அவளும் பயந்து போயி ஓன்னு அழறா.

நானா? நான் அடியில படுத்துகினு தான் இருக்கேன். மொதல்ல ஒண்ணும் புரியல. அப்பறம் கேட்டா என்ன பத்தி தான் பேசறாங்க. தங்கமான பையன்றான் சுனில். யூசுஃப் பாய் சொல்றாரு, நான் தாம்பா கொன்னுட்டேன், ஒரு பானாவுக்காக திட்டிட்டேன், இந்த மாதிரி கை சுத்தமான வேலக்காரன் எனக்கு கெடைக்க மாட்டான்றாரு. கேஜிஎஃப்லேர்ந்து வந்த நாள்லேர்ந்து ஒருத்தன் என்ன நல்லவன்னு சொன்னதில்ல சார். சத்தியமா சொல்றேன், வெளிய வர மனசே வரல. கொஞ்ச நேரம் அப்டியே படுத்து கேட்டுகினு இருந்தேன். அப்பறம் மால காலுல உறுத்துச்சு, சொறிஞ்சேன். அவ்ளோ தான், பொணம் கால சொறியுதுன்னு கூட்டம் பிச்சிகினு ஓடுது. ஓடற அவசரத்துல எட்டுல ஏழு பான காலி.

லேட்டாவுதா? ஆவட்டும் சார், இப்போ நீங்க வாட்ச்ச பாத்து இன்னா பண்ணப் போறீங்க. உருண்ட சாப்புடுங்க. மேல தட்டறது வாட்டர் டேங்க் ஆளு, அவனுக்கு ஒண்ணும் தெரியாது.

மறுநா காலையில ரஞ்சிதம் உடையாம தப்பிச்ச அந்த ஒரு பானைய இடுப்புல வெச்சிகினா. எங்க போறன்னேன். நீ கேட்டத வாங்க போறேன்னா. எஸ்பி ரோடு சார், அங்க தெருவே இரும்பு. ஒவ்வொரு கடையா ஏறி, பானைய கல்லா மேல வெச்சி, இது இல்லாத பானா குடுங்கன்றா. சேட்டுங்க பயந்துட்டாங்க. ஒரு பெரிய சேட்டு மட்டும் புரிஞ்சிகினு செட்ட எடுத்து போட்டாரு. இவ ஒண்ணொண்ணா எடுத்து தரையில தட்டிப் பாக்கறா. அம்மா இது ஸ்டீலு, தட்டக்கூடாதுன்றாரு. நல்லதுன்னா கணீர்னு வரும்னு என் வூட்டுக்காரரு சொன்னாருன்றா. தட்டி தட்டி பதினாலு-பதினஞ்சு சைஸ் பானா ஒண்ண மட்டும் தனியா எடுத்து வெச்சிட்டு, இது ஊம, வேற குடுன்னா. சேட்டு பாத்தா அதுல மயிரிழ கணக்கா ஒரு வெடிப்பு. மனுசன் எழுந்து கும்புட்டாராம்.

கேரேஜுக்கு அந்த செட்டோட போனேன். யூசுஃப் பாய் தொட்டு கண்ணுல ஒத்திகினு குடுத்தாரு. அப்பறம் லிப்ட் கம்பெனிக்கு வந்து கம்பெனி டூல்ஸ் நெறய கையில எடுத்தாச்சு. இருந்தாலும் மொதல்ல வாங்கனது மேல ஒரு இது இருக்கு பாருங்க, அது வேற எதுலயும் வராது. பல்லு மொளைக்கறப்போ எங்க பாப்பா கடிச்சி வெளையாண்டதும் அந்த செட்டுல இருந்த பத்து-பதினொண்ணு சைஸ் பானா தான். டாக்டரம்மா திட்டனாங்க. பாப்பா இரும்பாட்டம் வளந்துச்சு. ஒரே பொண்ணு சார், எம் மேல உசுரு. இந்த எலெக்ட்ரானிக் சிட்டியிலயே தான் கம்பெனியில இருக்குது, உங்க பையன் கம்பெனி தான்னு சொன்னாங்க. பெரிய கம்பெனி இல்லியா, ஆயிரம் பேரு இருப்பாங்க.

இருங்க, லட்சுமம்மா குரல். நல்லா கேளுங்க. ஆயித்தந்தே, பீகரன்ன பிடின்றாங்க. உங்களுக்கும் கேட்டுச்சா? ஆமா சார், ஆயித்தந்தேன்னா முடிஞ்சிடுச்சாம்னு அர்த்தம். கன்னடம் கொஞ்சம் வருதே உங்களுக்கு.

ரிப்பேரா? ரிப்பேர் இல்ல சார். லிப்ட்டுக்கு ஒரு கொறையும் இல்ல, நேத்து தான் சர்வீஸ் பண்ணேன். இந்த சின்ன பொட்டிக்குள்ள ஒரு சாவி இருக்குது, நீங்க ஷூ லேசு கட்ட குனிஞ்சப்போ திருப்பிட்டேன். முடிஞ்சது கையெழுத்து. ரஞ்சிதம் ரிஜிஸ்டர் ஆபீசுலேர்ந்து லட்சுமம்மாவுக்கு போன் பண்ணிட்டா.

எங்க பாப்பா தான் சார். சங்கமித்ரா. நீங்க வாயில வெக்க மாட்டேன்னீங்களே, அந்த பேரு.

அடிக்கறதுன்னா அடிச்சிடுங்க, வாங்கிக்கறேன். ஆனா எனக்கு மட்டும் ஆச இருக்காதா சார்? எம் பொண்ணு கண்ணாலத்த நின்னு பாக்கணும்னு புதுச் சட்ட தெச்சேன். தோ, யூனிஃபார்ம் பட்டன கழட்டறேன், பாருங்க, உள்ள போட்டுகினு தான் இருக்கறேன். ராத்திரி உங்க பையன் வந்து, மாமா, எங்கப்பா வந்து கலாட்டா பண்ணுவாருன்னு அழுவுறாரு. யாராவது ஒருத்தர் உங்கள பாத்துக்கணும், லிப்ட் தெரிஞ்சவன் நான் ஒருத்தன் தான். பாப்பா பக்கத்துல நிக்க முடியலையேன்னு நெஞ்சு வலிக்குது சார், பொய் சொல்லல. சாட்சி கையெழுத்து யாரு போட்டதுன்னு கேக்கறீங்களா? காலையில கோயிலுக்குன்னு கெளம்பிப் போனாங்களே உங்க வூட்டம்மா, சரளா மேடம், அவங்க தான்.

உக்காருங்க, உக்காருங்க. தண்ணி குடிங்க மொதல்ல. ம். இன்னும் கொஞ்சம்.

இல்ல சார், லட்சுமம்மா என்ன புடிக்க சொல்லல. கன்னடத்துல பிடின்னா வுடுன்னு அர்த்தம், உங்கள வுட சொல்றாங்க. பூட்டா? பீகான்னா பூட்டு, கரெக்ட் தான். ஆனா அவங்க சொன்னது பீகரு. அது பூட்டு இல்ல சார், சம்பந்தி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சாவிய திருப்பி கீழ எறக்கி கதவ தெறக்கறேன்.