மூக்கில் அடிக்கும் துப்பாக்கி

— மூக்குலயா? துப்பாக்கி வெடிச்சா தோள்லதானே சார் உதைக்கணும்?

— மூக்குலதான் பாய். போன வருஷமும் மூக்கு, அதுக்கு முந்தின வருஷமும் மூக்கு. எங்க அப்பா காலத்துலேர்ந்தே இப்படித்தான். குடவாசல் பக்கம் எங்க வீட்டு ஆம்பளைங்க மூக்கைப் பாத்தாலே எந்த வீட்டு ஆளுன்னு சொல்லிடுவாங்க.

— சிரிப்பு வருது, கோவிச்சுக்காதீங்க. முதல்ல குழலுக்குள்ள வெடிமருந்து கெட்டிச்சிருக்கான்னு பாத்துக்கறேன்... கம்பி அடி வரைக்கும் போகுது. காலிதான். இது வருஷத்துக்கு எத்தனை தடவை வெடிக்குது?

— ஒரே தடவை. சொல்றேன் கேளுங்க. திருவிழாவுல எங்க ஊர் அம்மன் பாரிவேட்டைன்னு வேட்டைக்குப் புறப்படும்போது, எல்லையில நட்டிருக்கிற வாழைமரத்தைக் குறிபாத்துச் சுடணும். குண்டு பட்டாத்தான் சாமி மேல நகரணும்னு முறை. அது எங்க குடும்பத்து உரிமை.

— நேரா சொல்லேண்ணா. பாய், ரெண்டு வருஷமா குண்டு மரத்துல படலை. அண்ணன் மூக்கு ரத்தம் சாமி முன்னாடி சொட்டி, தீட்டுக் கழிக்கவே ரெண்டு மணி நேரம் ஆச்சு. கமிட்டித் தலைவர் சாமிதுரை மைக்லயே சொல்லிட்டார். இந்தத் தடவையும் இப்படி ஆனா துப்பாக்கியும் வேண்டாம், உரிமையும் வேண்டாம், ஒரு வெடியைக் கொளுத்திட்டுப் போயிடறோம்னு.

— இவ என் தங்கச்சி ரோஹிணி. கார் ஓட்டிட்டு வந்தா.

— கார் ஓட்ட மட்டும் வரலை பாய். அப்பா போனப்பவே துப்பாக்கி லைசென்ஸ்ல என் பேரையும் சேர்த்தாச்சு. காலேஜ்ல என்.சி.சி.ல சுட்டிருக்கேன். நான் சுடறேன்னு ரெண்டு வருஷமாக் கேக்கறேன்.

— பரம்பரையா ஆம்பளைங்க சுட்டது பாய். பொம்பளை கை பட்டா சாமி நகராதுன்னு சாமிதுரை இப்பவே சொல்லிட்டுத் திரியறார். எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லை. ஊர் வாய்தான்.

— ஊர் வாயை விடு. கூட்டத்துல நின்னு நீ மூக்கைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்ததைப் பாத்தப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அழுகையும் வந்துச்சு, உன்மேல ஆத்திரமும் வந்துச்சு. இந்த வருஷம் போச்சுன்னா மொத்தமாப் போச்சுண்ணா.

— அதுக்குத்தானே நாகூர் வரைக்கும் வந்திருக்கோம். பாய், எனக்கு அளவெடுத்து, தோள்ல முட்டுற இந்தக் கட்டையைச் சரி பண்ணிக் குடுங்க.

— ஜாஃபர் சாதிக் பட்டறைக்கு வந்துட்டீங்கல்ல, இனிமே உங்க மூக்குக்கு நான் பொறுப்பு. கையை மடக்குங்க. முழங்கை மடிப்புலேர்ந்து விசை இழுக்குற விரல் வரைக்கும்... பதினாலரை இஞ்ச். சுடும்போது சட்டை உண்டா?

— சாமி முன்னாடி ஏது சட்டை? வெறும் தோள்தான்.

— அப்ப இங்கயும் கழட்டுங்க. துணி இருந்தா ஒரு அளவு, இல்லாட்டி ஒரு அளவு. அதான் விஷயம். ம்... இப்பக் கண்ணை மூடிக்கிட்டுத் துப்பாக்கியைத் தோளுக்கு ஏத்துங்க. ஏத்தியாச்சா? திறங்க. என்ன தெரியுது?

— என் கட்டைவிரல்தான் தெரியுது. மூக்குக்கு நேரா நிக்குது.

— அதான் விஷயம். இந்தக் கட்டை நீளம் பன்னெண்டே கால்தான். நீங்க கழுத்தைச் சுருக்கிக்கிட்டுப் பாக்கறீங்க, வெடிச்சதும் உங்க விரலே உங்க மூக்கைக் குத்துது. துப்பாக்கி பாவம் சார், அது உங்களை ஒண்ணும் பண்ணலை.

— அப்ப நடுவுல யாரோ அறுத்துட்டாங்க. எங்க கொள்ளுத்தாத்தா சொல்லிச் செஞ்சது இது. அவர் ஆறடி ஆளு. பின்னால ஒரு துண்டு சேர்த்து நீட்டிடுங்க.

— இருங்க, அவசரப்படாதீங்க. தங்கச்சி, நீங்களும் கண்ணை மூடிக்கிட்டு ஒரு தடவை ஏத்துங்க.

— அவ எதுக்கு பாய்?

— ஒப்பிட்டுப் பாக்கத்தான். ஏத்திட்டீங்களா? திறங்க.

— சுவத்துல ஒரு ஆணி இருக்குல்ல, நேரா அதுமேல நிக்குது. கன்னம் தானாப் போய் உக்காந்துடுச்சு பாய்.

— விரல் எங்க இருக்கு, மூக்கு எங்க இருக்குன்னு பாருங்க சார். நடுவுல ரெண்டு விரக்கடை. நான் இன்னும் உளியைக் கையிலயே எடுக்கலை.

— ஏதோ அமைஞ்சிருக்கும். அதுக்காக?

— சார், இருபத்தாறு வருஷமாக் கட்டை செதுக்கறேன். அறுத்த கட்டையும் தெரியும், அறுக்காத கட்டையும் தெரியும். கட்டை முனையில இருக்கிற இந்தப் பித்தளைத் தகடு செஞ்ச அன்னைக்கே பூட்டினது. மரத்து விளிம்பும் தகடும் ஒண்ணாத் தேஞ்சிருக்கு. இதை யாரும் அறுக்கலை.

— ஆறடி மனுஷனுக்குப் பன்னெண்டே கால் இஞ்ச்ல கட்டை எவன் செய்வான்?

— கழட்டிப் பாத்துடலாம். சில ஆசாரிங்க தகட்டுக்கு அடியில மரத்துல ஏதாவது கீறி வெச்சிருப்பாங்க. ரெண்டே திருகாணி... வந்துடுச்சு. எழுத்து இருக்கு சார். உங்க குடும்பத்து விஷயம், நீங்களே படிங்க.

— தெளிவா இல்லை பாய்.

— தெளிவாத்தான் இருக்குண்ணா. படி.

— 'அகிலாண்டத்தம்மாள் கை அளவு. பாரிவேட்டைக்கு. மற்றவர்க்கு உதவாது.'

— அகிலாண்டத்தம்மாள் யாரு சார்?

— கொள்ளுத்தாத்தாவோட சம்சாரம்.

— அப்ப நீங்கதான் சொல்லணும். உங்க அளவுக்குத் துண்டு சேர்க்கணும்னா இந்த எழுத்தைச் சீவித்தான் எடுக்கணும். சீவட்டுமா?

— தகட்டைத் திரும்பப் பூட்டிடுங்க பாய்... ரோஹிணி, பாரிவேட்டை அன்னைக்கு நூல் புடவையே கட்டிக்க. பட்டுன்னா கட்டை தோள்ல வழுக்கும்.