முப்பது நாள் சான்றிதழ்

எனக்கு இறைச்சியில் பெரிய நாட்டம் கிடையாது. இதை முதலில் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஓர் எலும்புக்காக இந்தக் கெங்கேஷ் இப்படிச் செய்துவிட்டான் என்று நாரின் ஊர் முழுக்கப் பேசுகிறார்கள். நான் வங்கிக் கிளை மேலாளர். எலும்புக்கு அலைகிறவன் இல்லை.

சோவியத் கலைந்த எட்டாவது வருஷம், சிறுதொழில்களை வளர்க்க வெளிநாட்டு நிதி வந்தது. அதைப் பங்கிடும் பொறுப்பு எனக்கு. தலைநகர் பிஷ்கெக்கில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். முடிவில் ‘வெளிப்படைத்தன்மை’ என்று அச்சடித்த கோப்பை ஒன்று. கண்ணாடி அல்ல, பீங்கான்.

ஷார்ஷென் பாலாடைக்கட்டி செய்கிறவன். பழைய கூட்டுப்பண்ணைக் கொதிகலனை வைத்துக்கொண்டு, மனைவி புருல்கானும் கூலிக்கு வந்த நான்கு பெண்களும் வேலை செய்ய, நன்றாகவே நடத்தினான். கொதிகலன் மட்டும் கிழடாகிவிட்டது. புதிது வாங்கக் கடன் கேட்டான். நியாயமான கோரிக்கை. விருந்துக்கும் அழைத்தான்.

எங்கள் பக்கம் ஆடு அறுத்தால் இடுப்பெலும்பு பெரியவருக்கு, தொடையெலும்பு அடுத்தவருக்கு என்று மரியாதை வரிசை உண்டு. ஷார்ஷென் இடுப்பெலும்பை எடுத்து ஒமோர் என்ற தன் கிழட்டுச் சித்தப்பாவுக்கு வைத்தான். ஆடு மேய்த்தவர். எனக்குத் தொடை. மாவட்டத்தின் மொத்தத் தொழில் வளர்ச்சியும் என் பேனாவில் இருக்கிறது, எனக்குத் தொடை.

கிழவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “என்ன தம்பி, மூஞ்சி தொங்குது? எலும்புக்கும் மனு போடணுமா?”

ஷார்ஷென் சும்மா இருந்திருக்கலாம். “வயசுக்குத்தான், சித்தப்பா, எலும்பு. நாற்காலிக்குன்னு எந்த ஆட்டுல எலும்பு இருக்கு?” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தொடையையும் மிச்சம் வைக்காமல் தின்றேன். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

அவன் மனுவை நான் நிராகரிக்கவே இல்லை. என் பணிக்காலத்தில் எவர் மனுவையும் நிராகரித்ததில்லை, பதிவேட்டைப் பாருங்கள். நான்கு சான்றிதழ் கேட்டேன், அவ்வளவுதான்: தீயணைப்பு, சுகாதாரம், வரி, நிலம். ஒவ்வொன்றுக்கும் முப்பது நாள் ஆயுள். நான்கும் ஒரே நாளில் உயிரோடு என் மேசைக்கு வர வேண்டும். தீயணைப்பு அலுவலகத்தில் என் மைத்துனன் இருக்கிறான். அவனிடம் ‘நிதானமாகப் பார்’ என்று சொன்னேன். நிதானமாகப் பார்க்கச் சொல்வது குற்றமா?

அதே மாதம் அந்த மைத்துனன் தன் மனைவி பெயரில் பெட்ரோல் பங்க் வைக்க மனு போட்டான். இரண்டே நாளில் கடன் கிடைத்தது. பங்க்குக்கு இன்னும் பெட்ரோல் வரவில்லை. பெயர்ப்பலகை பிரமாதமாக இருக்கிறது.

குளிர்காலத்தில் புருல்கான் வந்தாள். பனிக்காலணியைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தாள்.

“கெங்கேஷ் அண்ணே, ஒரு காகிதம் பொறக்கறதுக்குள்ள இன்னொண்ணு செத்துப்போவுது. இத்தனை சாவை எங்க வீட்ல பார்த்ததில்ல.”

“சட்டம்மா. நான் என்ன செய்ய?”

“கலன்ல ரெண்டு தடவை ஒட்டுப்போட்டாச்சு. நிறுத்துனா ஊர்ப் பாலெல்லாம் கெட்டுப்போவும். உங்களுக்கு என்ன வேணும், வாயத் தொறந்து சொல்லுங்க. ஆடா, குதிரையா?”

என்னைப் பார்த்து இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்? நான் லஞ்சம் வாங்குகிறவன் இல்லை. மரியாதை தெரிந்தவர்கள் தாங்களாகக் கொண்டுவந்து தருவார்கள்; அது வேறு. அவளை அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, குமாஸ்தா ஓடிவந்தான். “அண்ணே, ஷார்ஷெனோட நாலும் இன்னைக்கு உயிரோட இருக்கு. தீயணைப்பு மட்டும் சாயங்காலம் செத்துரும். கையெழுத்தப் போட்டுடுங்க.”

நான் பல் வைத்தியரிடம் கிளம்பிப் போனேன். பல்லில் ஒரு கோளாறும் இல்லை. வைத்தியரும் அதையேதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை கலன் வெடித்தது. புருல்கானும் வேலைக்காரப் பெண் ஒருத்தியும் அங்கேயே போய்விட்டார்கள். ஷார்ஷெனுக்குக் கண் போயிற்று. துக்கத்துக்குப் போனேன். அவன் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னேன். குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டு, கையை உருவிக்கொண்டான். துக்கத்தில் இருப்பவன், நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

கலன் வெடிக்கும் என்று முன்பே தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். டிசம்பரில் நானே ஆய்வுக்குப் போனேன். விரிசலில் என் விரல் நுழைந்தது. அதை அறிக்கையில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன், எதையும் மறைக்கவில்லை: ‘கொதிகலன் எந்நேரமும் வெடிக்கும் நிலையில் உள்ளது, ஆகவே கடனுக்குப் பிணையாக ஏற்பதற்கில்லை.’

அந்த ஒரு வரியால்தான், ஐயா, இவ்வளவு பெரிய விபத்திலும் வங்கிக்கு ஒரு சோம்கூட நட்டமில்லை. இதைச் சொல்லத்தான் இங்கே ஒரு ஆள் இல்லை.