பாசி பார்த்த வடக்கு

— பின்னால போகாதேன்னு எத்தனை தடவை சொல்ல, பேச்சித்தாய்? பக்கத்துலயே வா.

— இடுப்புல அரிவாள் சொருகியிருக்கேன் அய்யா. ஒட்டி வந்தா உங்க வேட்டியைக் கிழிச்சிரும்.

— கிழியட்டும். பின்னால விட்டா கிளையை ஒடிச்சு அடையாளம் வைப்பே. முன்னால விட்டா, உன் காலடியைப் பாத்துத்தான் நமசிவாயம் வழி கண்டுபிடிச்சாருன்னு ஊர்ல சொல்லுவே. முப்பது வருசம் தாலுகா ஆபீஸ்ல இருந்தவன் நான். உங்க ஜாலம் எனக்குத் தெரியாதா?

— அது சரி. ஒட்டியே வாரேன்.

— மத்தியானத்துக்குள்ள ஆள்துணை இல்லாம தேனருவியில போய் நிக்கப்போறேன். அதுக்கு நீ சாட்சி. இந்தக் காகிதத்துல கைரேகை வைக்கே. ஞாயித்துக்கிழமை நம்ம மலைநடைச் சங்கத்துல தீர்மானம் நிறைவேறுது: இயற்கையே வழிகாட்டி, இனிமே கூலி வழிகாட்டி தேவையில்லை.

— நாங்க ஆறு பொம்பளைய, சாரல் மூணு மாசமும் ஆளுகளை மேல கூட்டிட்டுப் போயித்தான் கஞ்சி குடிக்கோம். அதையும் இயற்கைகிட்டயே குடுத்துருவியளோ?

— தேடல் என்பது மனுசன் மறந்துபோன ஒரு மகத்தான கலை. அதை மீட்கிற நேரத்துல கஞ்சியைப் பத்திப் பேசாதே. ஆதிமனிதனுக்கு யார் வழி சொன்னா? மரம் சொல்லிச்சு, எறும்பு சொல்லிச்சு. இந்தா, இந்தப் பாறையைப் பாரு. பாசி எப்பவும் வடக்குப் பக்கம்தான் படரும்.

— நாலு பக்கமும்லா படந்திருக்கு.

— ஒரு பக்கம் கூடுதலா இருக்கும். அது பழகின கண்ணுக்குத்தான் தெரியும். சரி, முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கோ. நான் கொஞ்சம் தியானிக்கணும்.

— மறுபடியுமா? இதோட பத்துத் தியானம் ஆச்சு. அதென்ன அய்யா, ஒவ்வொரு தியானத்துக்கும் துண்டை விலக்கி மடிக்குள்ள பாக்கிய?

— மூக்குப்பொடி.

— இன்னும் ஒரு தும்மலைக் காணோமே.

— அடக்கிக்கிட்டேன். இடது பக்கம்தான் வடக்கு. வா.

— இந்தப் பக்கம் ஒரே முள்ளா கெடக்கு. நான் உங்களுக்கு வலப்பக்கமா வந்துக்கிடுதேன்.

— எந்தப் பக்கமாவது வா, கண்ணுக்கு முன்னால இருந்தாச் சரி. இரு... பொடி... ம். வடக்கு வலது பக்கம்.

— இப்பம்தானே அங்கன இருந்துச்சு. அதுக்குள்ள இங்கன வந்துட்டா?

— மலையில அப்படித்தான். பாறைக்குப் பாறை நுணுக்கம் மாறும்.

— ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. சாரல் மேக்க, ஆரியங்காவுக் கணவாய் வழியா வருது. தேனருவிக்குப் போறவுக முகத்துல அடிக்கணும். நமக்கு முதுகுதான் நனையுது.

— ஆரம்பிச்சிட்டியா? இப்படி என்னைக் குழப்பத்தான் ஆறு பேரும் கூடிப் பேசியிருப்பிய.

— தேனருவி மேலலா இருக்கு. நாம இறங்கிக்கிட்டே இருக்கோம்.

— இறங்கித்தான் ஏறணும். இதெல்லாம் உனக்கு விளங்காது. நில்லு, தண்ணிச் சத்தம் கேக்குதா? தேனருவி. மணி பதினொன்னரைதான். பெருவிரலைக் காட்டு, மை தடவணும்.

— இந்தாங்க. தேனருவியில நல்லெண்ணெய் வாடை அடிக்குமா அய்யா?

— என்ன வாடை?

— எண்ணெய் தேய்க்க ஆள் கூப்பிடுத சத்தமும் கேக்கு. அந்தா, அல்வாக்கடை. காலையில எங்கன புறப்பட்டோமோ, அந்தக் கீழ அருவிக்கே வந்து நிக்கோம். உங்க சங்கத்து ஆளுகளும் மாலையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. ரேகையை வைக்கேன், ஆனா எதுக்குன்னு எழுதியிருக்கிய?

— நீ ஏதோ மந்திரம் பண்ணியிருக்கே. வீட்டுல சரியா இருந்த காம்பஸ் இங்கன எப்படி...

— மூக்குப்பொடின்னிய.

— அது பாசிக்கு ஒரு துணை, அவ்வளவுதான். மெதுவாப் பேசு. அந்த முள்ளு வடக்கைத் தவிர வேற எதையும் பாக்காது. அதான் சயின்ஸ்.

— மாநிலம் பிரிச்சு செங்கோட்டை நம்ம பக்கம் சேந்த வருசம், எல்லைக்கல்லு போட வந்த சர்வே அய்யாவுக்கு ரெண்டு மாசம் நான்தான் பெட்டி சுமந்தேன். இதே டப்பாவைத் திறக்கும்போதெல்லாம், ‘பேச்சித்தாய், அரிவாளோட பத்தடி தள்ளிப்போ’ம்பாரு. நீங்க ஒட்டியே வரச் சொன்னிய.

— சொன்னேன். அதனால என்ன?

— முள்ளு வடக்கைப் பாக்கலை அய்யா. காலையில இருந்து என் இடுப்பைத்தான் பாத்துக்கிட்டு வந்திருக்கு.