படத்தின் வலது ஓரம்

தெருவில் படம் எடுப்பவர்களுக்குச் செருப்பு சீக்கிரம் தேய்ந்துவிடும். இந்த ஓராண்டில் நான் மூன்று ஜோடி மாற்றியிருக்கிறேன். வைட் லென்ஸ் மாட்டிக்கொண்டு தூரத்தில் நின்றால் ஒன்றும் தேறாது; மனிதர்கள் எறும்பாகச் சிறுத்துப்போவார்கள். பக்கத்தில் நடந்து போக வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை மீட்டர் பக்கத்தில் போனேன் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. அதில் இல்லாததை எழுதித் தரச் சொல்கிறீர்கள். வரிசையாக எழுதுகிறேன். இடையில் அடித்துத் திருத்தினால் எதையோ மறைப்பதாக நினைக்க வேண்டாம். எனக்கு எதையும் ஒரே தடவையில் எழுத வந்ததில்லை.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பிரேமில் கண்ணாடி பொருத்துவது, தளர்ந்த திருகை முடுக்குவது. செவ்வாய், வெள்ளி மாலைகளில் புகைப்பட வகுப்பு. நாங்கள் ஒன்பது பேர். கற்றுக்கொடுப்பவரை மாஸ்டர் என்போம். அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். எடுத்த படத்தின் ஓரத்தை வெட்டக் கூடாது. படத்துக்குக் கீழே இடத்தையும் நேரத்தையும் அட்டையில் எழுதி ஒட்ட வேண்டும்.

“எட்டிப் போய் நின்னு எடுக்காதீங்க. ஒன்றரை மீட்டர். அவங்க மூச்சு உங்களுக்குக் கேக்கணும்” என்பார்.

எங்களோடு ஒரு பல் டாக்டரும் படித்தார். “எனக்கு அது பழக்கம்தான் மாஸ்டர். தினமும் யார் வாய்க்குள்ளயாவது தலய விட்டுட்டுத்தான் இருக்கேன்” என்றார் அவர்.

“உங்க ஆளுங்க பயத்துல கண்ண மூடிக்கறாங்க டாக்டர். தெருவுல மூட மாட்டாங்க, முறைப்பாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. என் படங்கள் மேசைக்கு வரும்போது மட்டும் மாஸ்டர் சிரிக்கவும் மாட்டார், திட்டவும் மாட்டார். “தப்பு ஒண்ணும் இல்ல” என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விடுவார். அந்த வாக்கியத்தைப் பதினான்கு முறை கேட்டிருக்கிறேன். பதினைந்தாவது முறை கேட்டால் வகுப்பை விட்டுவிடுவது என்று எழுதி வைத்திருந்தேன். ஆண்டு முடிவில் ஒரு கண்காட்சி உண்டு. அதில் என் படம் ஒன்று சுவரில் இருக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஆசை இருந்ததாக ஞாபகம் இல்லை.

எங்கள் கடைக்கு நேர் எதிரே ஒரு லாண்டரி. அதன் வாசலை ஒட்டி ஒரு தையல் மெஷின். கிழிந்தது தைக்கவும் நீளம் குறைக்கவும் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார்; காலையில் லாண்டரியைத் திறப்பதும் அவர்தான். தெருவுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத்தான் உட்காருவார்.

“வெளிச்சம் பின்னாலேர்ந்து வருது. எப்படிக்கா நூல் கோக்கறீங்க? கண்ணு போயிடும்” என்று ஒருநாள் கேட்டேன்.

“போனா உன் கடைக்குத்தானேடி வரணும்? வர்ற வியாபாரத்த ஏன் கெடுத்துக்கற?”

மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருவேன். என் சட்டைகளின் கை எப்போதும் நீளமாக இருக்கும். கேட்காமலே பிடித்து மடித்துத் தைத்துவிடுவார். நான் இப்போது போட்டிருக்கும் சட்டையும் அவர் தைத்ததுதான். மூன்று மாதப் பழக்கத்துக்குப் பிறகு அவரே சொன்னார்.

“ரெண்டு ஊரு மாறிட்டேன். ரெண்டு தடவையும் கண்டுபிடிச்சு வந்துட்டான் என் வீட்டுக்காரன். கத்த மாட்டான், திட்ட மாட்டான். மெதுவாத்தான் பேசுவான்.” முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இருந்த தழும்பைக் காட்டினார். “அடுத்த தடவ மிச்சம் வெக்க மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் போனான். அவனுக்கு வலது கட்டைவிரல்ல நகம் கிடையாது. மெஷின்ல மாட்டி நசுங்கிடுச்சு. நான்தான் ஒரு மாசம் கட்டுப் போட்டேன். கட்டுப் போட்டு ஆத்திவிட்ட கைதான் இதச் செஞ்சுது.”

என்ன சொல்வது என்று அன்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். நான்கு வாக்கியங்கள் எழுதி நான்கையும் அடித்தேன்.

அந்தப் படம் எடுத்தது ஒரு வியாழக்கிழமை காலை, எட்டு நாற்பதுக்கு. ஒருவர் ஆளுயர நிலைக்கண்ணாடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவைக் கடந்தார். அதில் எதிர்வீட்டு மாடிகள் சாய்ந்து ஆடின. நான் அவருக்கு முன்னால் ஓடிப்போய் நின்றேன். லாண்டரி வாசல் என் வலப்பக்கம். அக்கா ஷட்டரைத் தூக்கிவிட்டுத் திரும்பியவர், நான் நின்ற கோலத்தைப் பார்த்துச் சிரித்தார். கேமரா கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் அன்று திருப்பவில்லை. லென்ஸ் நிலைக்கண்ணாடிக்காரரைப் பார்த்திருந்ததால் படத்துக்கு வெளியே நிற்பதாக நினைத்துவிட்டார். வைட் லென்ஸில் அப்படி ஒரு மயக்கம் உண்டு. பக்கவாட்டில் நிற்கிறவர்களுக்குத் தாங்களும் உள்ளே இருப்பது தெரியாது. எனக்குத் தெரியும்.

இருட்டறையில் பிரிண்ட் எழுந்து வந்தபோது வலது ஓரத்தில் முதலில் டேப் தொங்கும் கழுத்து வந்தது, பிறகு சிரிப்பு. தலைக்கு மேல் கடையின் பெயர்ப் பலகை, ஓர் எழுத்து விடாமல்.

மாஸ்டர் அதை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். “ஆளு கண்ணாடியத் தூக்கிட்டுப் போறான். அத எவன் வேணாலும் எடுப்பான். இந்தப் பொண்ணு சிரிக்குது பாரு, அதுக்காகத்தான் இந்தப் படம். வாசல் சுவர்ல மாட்டு” என்றார். பல் டாக்டர் எழுந்து வந்து கை கொடுத்தார். வீட்டுக்கு நடந்துதான் போனேன். பஸ்ஸில் போனால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும் போலிருந்தது.

மறுநாள் அக்காவிடம் மறைக்காமல் பிரிண்டைக் காட்டினேன். இது என் பக்கம் இருக்கும் நல்லதுகளில் ஒன்று என்று நினைக்கிறேன்.

அவர் படத்தைப் பார்க்கவில்லை. பெயர்ப் பலகையைத்தான் பார்த்தார். “இத எங்க மாட்டப் போற?”

“வகுப்புலதான்க்கா. ஒரு வாரம். நாப்பது பேர் வந்தா அதிகம்.”

“என்ன மட்டும் வெட்டிடு தங்கச்சி. இந்த ஓரம் ரெண்டு விரக்கடை அளவுதான். துணில நான் எவ்வளவு வெட்டறேன், ஒருத்தராவது கண்டுபிடிக்கறாங்களா?”

“சரிக்கா.”

“கோவிச்சுக்காத. உன் உழைப்ப வெட்டச் சொல்றேன்.”

“சரிக்கா, வெட்டிடறேன்.”

வீட்டில் ஒரு வெள்ளைக் காகிதத்தால் அந்த ஓரத்தை மூடிப் பார்த்தேன். மிச்சம் இருந்தது ஒரு மனிதர், ஒரு கண்ணாடி. தப்பு ஒன்றும் இல்லாத படம். காகிதத்தை எடுத்துவிட்டேன். இரண்டு ஊர் தள்ளி இருக்கும் ஒருவர் எங்கள் சின்ன ஹாலுக்கு எப்படி வருவார் என்று யோசித்தேன். வர வழியில்லை என்றுதான் முடிவுக்கு வந்தேன். அட்டையில் லாண்டரியின் பெயர், தெரு, காலை எட்டு நாற்பது என்று என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். பல் டாக்டர் தன் அட்டையை வெறுமையாக விட்டிருந்தார். மாஸ்டர் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பார்த்த பிறகும் என் அட்டையை நான் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு பத்திரிகையில் கண்காட்சியைப் பற்றி நான்கு வரிச் செய்தி வந்தது. கூடவே என் படம். அக்கா பத்திரிகை படிப்பதில்லை. அன்றிலிருந்து மதியங்களில் நான் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

ஐந்தாம் நாள் மாலை ஆறரைக்கு ஒருவர் வந்தார். முழுக்கைச் சட்டை, பொத்தான் கழுத்து வரை. மற்ற படங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் படத்தின் முன்னால் பதினொரு நிமிடம் நின்றார். அதுவரை யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை. நானாகத்தான் பக்கத்தில் போனேன்.

“நீங்க எடுத்ததாம்மா?” மெதுவான குரல்.

“ஆமா சார்.”

“கண்ண எடுக்க முடியல. ரொம்ப உயிரோட இருக்கு.”

“எந்த இடம் சார் பிடிச்சிருக்கு?”

அவர் குனிந்து அட்டையைக் கட்டைவிரலால் தடவினார். நகம் இருக்க வேண்டிய இடத்தில் தோல் பளபளத்தது. பிறகுதான் கேட்டார். “எட்டு நாப்பதுன்னு போட்டிருக்கே. தினமும் அந்த நேரந்தானா?”

“ஆமா சார். அவங்க கடை திறக்கற நேரம்.”

போன முறை உங்களிடம் அவர் யாரென்று தெரியாமல் சொன்னதாகச் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். விரலைப் பார்த்த பிறகுதான் சொன்னேன். படத்தைப் பற்றி யாராவது இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று இருந்தது.

அக்காவின் எண் என் போனில் இருந்தது. அன்று மாலை இரண்டு முறை எடுத்தேன். கூப்பிட்டால் ஓரத்தை வெட்டவில்லை என்று முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் எச்சரிக்க ஒரு வழி இருக்கிறதா என்று யோசித்தேன். நீங்கள் கேட்டால் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். காலையில் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தேன். தூங்கியும்விட்டேன்.

எட்டு இருபதுக்கு லாண்டரி வாசலில் இருந்தேன். கேமரா கழுத்தில் இருந்தது. அது எப்போதும் இருக்கும். அக்கா எட்டரைக்கு வந்து, “என்னடி, மூணு நாளா ஆளயே காணோம்? சட்டைக் கை கிழிஞ்சாத்தான் வருவியா?” என்றார். சொல்வதற்குப் பத்து நிமிடம் இருந்தது. அந்தப் பத்து நிமிடமும் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்தேன். அந்த முழுக்கைச் சட்டைக்காரர் தெருமுனையில் திரும்பியதை நான்தான் முதலில் பார்த்தேன்.

நான் ஏன் கத்தவில்லை, ஏன் குறுக்கே போகவில்லை என்று கேட்கிறீர்கள். பயத்தில் உறைந்துவிட்டேன் என்று எல்லோரும் எனக்காகச் சொல்கிறார்கள். மாஸ்டரும் அப்படித்தான் சொன்னாராம். அவர்கள் அன்புக்கு நான் தகுதியானவள் இல்லை. கேமராவில் இருக்கும் சுருளை நீங்கள் இன்னும் கழுவவில்லை. அதில் ஐந்து படங்கள் இருக்கின்றன. ஒன்றுகூட ஆடியிருக்காது.

அக்கா விழுவதற்கு முன் என்னைப் பார்த்தார். நான் அங்கே இருப்பதில் அவருக்கு ஒரு நிம்மதி வந்தது போலிருந்தது. “தங்கச்சி” என்று கையை என் பக்கம் நீட்டினார். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். நான் ஓர் அடி பின்னால் போனேன். நீங்கள் அதைத் தப்பி ஓட நினைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. அவ்வளவு பக்கத்தில் இருந்தால் விரல்கள் படத்துக்கு வெளியே போயிருக்கும்.